எத்தாளையும் ஆங்கில எழுத்துக்கூட்டலும்

எத்தாளை, இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள ஊர். மேற்கே கடல், கிழக்கே களப்பு, இடையில் மணல்; மணலில் தென்னையும் மரக்கறித் தோட்டமும். ஆங்கில மொழியின் வரலாற்றைச் சொல்ல இப்படியொரு ஊரிலிருந்து தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தைப் பற்றி உலகெங்கும் எழும் பெரிய முறைப்பாடு, அதை எழுதுவது ஒரு மாதிரி, வாசிப்பது வேறு மாதிரி என்பது. அந்த முறைப்பாட்டை லண்டனில் வைத்து ஆராய்ந்தால் வேர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டு ஆழத்துக்குப் போய்விடும். இந்தக் கரையிலோ அதே காரியம் நானூறு ஆண்டுக்குள், நமக்குத் தெரிந்த சொற்களிலும் ஊர்ப்பெயர்களிலும் நடந்து முடிந்திருக்கிறது. அதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லாதது அல்ல. அது பதிவு செய்வது சொல்லின் ஒலியை அல்ல, அந்தச் சொல் எவரெவர் கைமாறி வந்தது என்பதை.

ஊரின் பெயரிலேயே தொடங்கலாம். எத்தாளையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு டி போடுவோரும் உண்டு, இரண்டு டி போடுவோரும் உண்டு, டியோடு எச் சேர்த்து அதையும் இரட்டிப்போரும் உண்டு. பக்கத்திலுள்ள புத்தளத்துக்கு இரண்டு டி. அங்கே அது பல்லில் நா படும் த். கற்பிட்டிக்கு, சிங்கள வடிவமான கல்பிட்டிய வழியாக, ஒரு டி. அங்கே அது நா மடியும் ட். ஒரே மாவட்டத்தில், ஒரே வீதிப் பலகையில், ஒரே எழுத்து இரண்டு மெய்யொலிகளுக்கு நிற்கிறது. இரட்டித்ததைப் பார்த்து அதை ட் என்று நினைத்தவர் புத்தளத்தைப் புட்டளம் ஆக்குவார். நுரைச்சோலையின் கதை இன்னும் சிக்கல். 900 மெகாவாட் அனல்மின் நிலையம் அங்கே வந்த பிறகு அந்தப் பெயர் நாடு முழுக்கச் செய்தியானது. நுரை என்ற தமிழ்ச் சொல் சிங்கள உச்சரிப்பில் நொரொ ஆகி, அதுவே ஆங்கிலத்தில் ஏறி, நடுவிலுள்ள ச்சவுக்கு எத்தனை சி, எத்தனை எச் என்று பத்திரிகைகள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

டியோடு எச் சேர்க்கும் வழக்கம் நம் குமாஸ்தாக்கள் கண்டுபிடித்தது அல்ல. அது ஆங்கிலத்தின் பழைய காயம். உரோமை எழுத்துக்கள் லத்தீனுக்காக அமைந்தவை. பழைய ஆங்கிலத்தில் இருந்த, பல்லிடை நா படும் ஒலிக்கு லத்தீனில் எழுத்து இல்லை. ஆகவே ஆங்கிலேயர் அதற்கென்று தோர்ன், எத் என இரண்டு தனி எழுத்துக்களை வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அவை தேய்ந்தன. 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் திறந்தபோது ஐரோப்பியக் கண்டத்து முறையில் வார்த்த அச்செழுத்தில் தோர்னுக்கு இடமில்லை. டியும் எச்சும் சேர்ந்த இரட்டையே நிலைத்தது. அந்த இரட்டையும் இரண்டு ஒலிகளுக்கு, அதிர்வுள்ள ஒன்றுக்கும் அதிர்வற்ற ஒன்றுக்கும், நிற்கிறது. கேக்ஸ்டன் அதற்கு முன் அச்சகம் நடத்தியது புரூஜ் நகரில். பேயைக் குறிக்கும் கோஸ்ட் என்ற சொல்லின் நடுவே ஒலிக்காத ஒரு எச் இருப்பது அந்தப் பிளெமிஷ் பழக்கத்தின் மிச்சம். பிளெமிஷ் அச்சுக்கோப்பவர் கையில் பட்டதற்கு அத்தாட்சியாக ஐந்து நூற்றாண்டுகளாக ஆங்கிலப் பிள்ளைகள் அந்த எச்சை மனப்பாடம் செய்கிறார்கள்.

இதே சிக்கலை இந்தக் கரையின் முஸ்லிம்கள் வேறு வழியில் தீர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழை அறபு எழுத்தில் எழுத வந்தபோது ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்கு அறபில் எழுத்து இல்லை. அறபுத்தமிழ் எழுதியவர்கள் இருக்கிற எழுத்துக்களுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்து செய்துகொண்டார்கள். ஒலிக்காக எழுத்தை வளைப்பது ஒரு வழி. எழுத்துக்காக ஒலியை விட்டுவிடுவது மற்றொரு வழி. அச்சு வந்ததிலிருந்து ஆங்கிலம் இரண்டாவது வழியிலேயே நிற்கிறது.

ஊர்ப்பெயர்கள் யார் வாயில் புகுந்து வந்தன என்பது இன்னும் வெளிப்படையானது. ஈற்றில் வரும் அம் என்ற ஓசை போர்த்துக்கேயர் காதில் அவர்களுடைய மூக்கொலியான ஆவுங் போல விழுந்தது. யாழ்ப்பாணப்பட்டணத்தின் கடைசிப் பகுதி அவர்கள் ஏடுகளில் பட்டாவுங் ஆனது. சிலாபமும் அந்த அச்சில் வார்க்கப்பட்டு, ஒல்லாந்தர் கையில் மூக்கொலி உதிர்ந்து, ஆங்கிலேயரிடம் வந்தபோது சிலோ என்று வாசிக்கத்தக்க ஐந்தாறு எழுத்தாகச் சுருங்கியது. தமிழில் சிலாபம், சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் இரண்டோடும் ஒவ்வாத மூன்றாவது பெயர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கோட்டை கட்டி முடித்தார்கள். அவர்கள் வழங்கிய கல்பென்டைன் என்ற பெயரையே, 1795இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயரும் வைத்துக்கொண்டார்கள். ஊராரிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும். கேட்கவில்லை, முந்தைய ஆட்சியின் காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சைமன் காசிச்செட்டியைச் சொல்லாமல் போக முடியாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்து 1860இல் மறைந்த இவர் 1834இல் இலங்கை இடப்பெயர்க் களஞ்சியம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்ற பெயரில் ஆங்கிலத்திலேயே தந்தார். தமிழ் நன்கறிந்தவர், மண்ணின் மைந்தர். அவருடைய களஞ்சியத்திலும் சொந்த ஊர் கல்பென்டைன்தான். அவருடைய குலப்பெயரிலும் ஆங்கில எழுத்தின் தடம் உண்டு: செட்டி அங்கே சிட்டி என்று வாசிக்கத்தக்க எழுத்தில் உறைந்து, அந்தச் சமூகத்தவர் பலரிடம் இன்றும் அப்படியே இருக்கிறது. அறியாமையால்தான் பிழையான எழுத்துக்கூட்டல் நிலைக்கிறது என்பவர்களுக்கு இவரே மறுப்பு. சரியான ஒலி தெரிந்தவரும், தெரியாதவர் ஏற்கெனவே எழுதிவைத்ததை மாற்றவில்லை. மாற்றினால் ஏடுகளில் தேட முடியாது போய்விடும். எழுத்துக்கூட்டல் கண்ணுக்கான முகவரி. முகவரி பிழையானாலும் கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஊர்ப்பெயரை விடப் பொருட்பெயர்கள் சுவையானவை. தேங்காய் உரித்த பொச்சைக் களப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்தால் வருவது தும்பு. தும்பைத் திரித்தால் வருவது கயிறு. இந்தக் கரையில் எவரும் இந்த இரண்டையும் குழப்பமாட்டார்கள். தும்புத்தடி என்பார்கள், கயிற்றுத்தடி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் போர்த்துக்கேயர் மலையாளக் கரையில் கேட்டது திரித்த பொருளின் பெயரை. அதைக் கைரோ என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் அது பல கோலங்களில் எழுதப்பட்டுக் கடைசியில் கொயர் என்று நின்றது. பொருளோ கயிற்றிலிருந்து நழுவித் தும்புக்குப் போய்விட்டது. ஆகவே ஆங்கிலத்தில் தும்புக் கயிற்றைச் சொல்ல இன்னொரு கயிறு தேவைப்படுகிறது. கொயர் ரோப் என்றால், சொல்லுக்குச் சொல் பார்த்தால், கயிற்றுக் கயிறு. கொப்பராவும் அதே கப்பலில் போனதுதான், ஆனால் அதன் எழுத்தும் ஒலியும் அதிகம் சேதப்படவில்லை. கொப்பரா ஆட்டிய பிறகு மிஞ்சும் புண்ணாக்குக்கு வேறு கதை. அது போர்த்துக்கேயரிடம் போகாமல் இலங்கைத் தோட்டத்துரைகள் காதில் நேரே விழுந்தது. அவர்கள் அதைப் பூனக் என்று, கடைசி உகரத்தை விழுங்கி எழுதினார்கள். லண்டனில் கேட்டால் பலருக்கு விளங்காது. இங்கே கால்நடைத் தீவன வியாபாரத்தில் அது முழு ஆங்கிலச் சொல். ஒரே தேங்காயிலிருந்து மூன்று சொற்கள், இரண்டு வழிகள், மூன்று விதமான எழுத்து.

கடலுக்குப் போனால் சங்கு. மன்னார்க் குடாவில் முத்தோடு சேர்ந்து எடுக்கப்பட்ட சங்கைக் கம்பனி ஏடுகள் சாங்க் என்று எழுதின. ஆங்கிலத்தில் அதற்கு முன்பே கிரேக்கமும் லத்தீனும் வழியாக வந்த கொங்க் என்ற சொல் இருந்தது. வடமொழிச் சங்கமும் கிரேக்கச் சொல்லும் ஒரே மூலத்தின் கிளைகள் என்பது மொழியியலாரின் கருத்து. ஆக, ஒரே சிப்பியை ஒரே சொல்லால் இரண்டு தடவை வாங்கிய மொழி அது. இரண்டு ரசீதும் இன்னும் கையில் இருக்கிறது.

கட்டுமரத்தின் பயணம் எல்லாவற்றிலும் நீளம். சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சான தம் நூலில் எழுதினார். மரங்களைக் கட்டிய மிதவை என்ற பொருள் கொஞ்ச காலம் நின்றது. இலங்கையில் ஆங்கிலேயர் அதையே தூக்கி, பக்கத்தில் மிதவைக்கட்டை பொருத்திய ஒருவ என்ற தோணிக்கும் பெயராக வைத்தார்கள். ஒருவ குடைந்த தோணி, கட்டுமரம் அல்ல. 1804இல் பிரெஞ்சுக் கரையின் புலோனில் எதிரிக் கப்பல்களை நோக்கிப் பிரித்தானியக் கடற்படை அனுப்பிய வெடிமருந்து மிதவைக்கும் கேட்டமரன் என்று பெயர். 1830களில் ஆங்கில நாவல்களில் அது சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கிறது. சொல்லின் தலையில் பூனைக்கான ஆங்கிலச் சொல் தெரிந்தது காரணமாக இருக்கலாம், கட்டு என்ற தமிழ் வேர் எவருக்கும் தெரியவில்லை. 1876இல் அமெரிக்கர் நதானியேல் ஹெரெஷொஃப் இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகை ஓட்டிப் பந்தயத்தில் மற்றவர்களைத் திகைக்க வைத்தார். இன்றைய உலகப் பொருள் அந்த இரட்டை உடல் படகுதான். கட்டவும் இல்லை, மரமும் இல்லை; எழுத்து மட்டும் மாறவில்லை.

இதற்கு எதிராகச் சில நியாயங்களைச் சொல்லலாம். முதலாவது, தமிழுக்கு இதைச் சொல்ல வாயில்லை, நமக்கும் ஒரு க தானே என்பது. உண்மைதான். ஆனால் கடல், அகல், தங்கம் மூன்றிலும் க எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடம் சொல்லிவிடும். சொல்லின் பூர்வீகத்தைக் கேட்கத் தேவையில்லை. வடசொற்களில் இது தடுமாறும். பாவம் என்று எழுதினால் செய்த பாவமா நடிகரின் பாவமா என்பது வாக்கியத்தால்தான் தெரியும். ஆங்கிலத்தின் நோய் நமக்கும் ஓரளவு உண்டு, அதுவும் இரவல் சொல்லில்தான் என்பது என் வாதத்துக்கே துணை. இரண்டாவது, மேலே சொன்ன சில சொற்கள் தமிழல்ல, மலையாளம் என்பது. கொயருக்கும் கொப்பராவுக்கும் அகராதிகள் மலையாளத்தையே மூலமாகக் காட்டுகின்றன; மறுக்க வேண்டியதில்லை. அனகொண்டாவுக்குச் சிங்களமா தமிழா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1693இல் ஜோன் ரே இலங்கைப் பாம்பொன்றின் பெயராகக் குறித்த அச்சொல், இலங்கையில் இல்லாத தென்னமெரிக்கப் பாம்பொன்றுக்குப் போய் ஒட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. எந்த மொழி பெற்றது என்ற உரிமை வழக்கு இங்கே கேள்வி அல்ல. வழிதான் கேள்வி.

மூன்றாவது நியாயம்தான் வலுவானது. ஆங்கில எழுத்தின் குழப்பத்துக்குக் காரணம் நாலு தேங்காய்ச் சொல் அல்ல, ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நீண்ட உயிரொலிகள் எல்லாம் இடம்பெயர்ந்த பெரும் மாற்றம் என்பார்கள். பெயரைக் குறிக்கும் நேம் ஒரு காலத்தில் நாம போல ஒலித்தது; ஒலி நகர்ந்தது, எழுத்து நின்றது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசனிடம் கைதியாக இருந்து, 1679இல் இதே மேற்குக் கரையின் அரிப்புக்குத் தப்பி வந்த ரொபர்ட் நொக்ஸின் பெயரிலும் முதலெழுத்து கே. அவர் வாழ்ந்த அந்த நூற்றாண்டில்தான் ந் ஒலிக்கு முன் நின்ற கே ஒலிப்பதை விட்டது. இவை எதுவும் இரவல் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலி நகர்ந்தபோது எழுத்து ஏன் கூட நகரவில்லை? முந்தைய கையெழுத்தையும் அச்சையும் மதித்ததால். அந்த மதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தீவைக் குறிக்கும் ஐலண்ட் என்ற சொல்லே போதும். அது தூய ஆங்கிலச் சொல், அதில் எஸ் இருந்ததே இல்லை. லத்தீன் வழி வந்த பிரெஞ்சுச் சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணிய கல்விமான்கள் எஸ்ஸை நடுவில் நுழைத்தார்கள். கடனுக்கான டெட் என்ற சொல்லில் உள்ள ஊமை பியும் லத்தீனைக் காட்டவே செருகப்பட்டது. ஒலியை விட வம்சத்தை மேலாக வைத்த மனம்தான் இரண்டிலும் வேலை செய்தது, கல்பென்டைனை வைத்துக்கொண்டதும் அதே மனம். 1755இல் சாமுவேல் ஜோன்சனின் அகராதி அதற்கு முத்திரை வைத்தது. பிறகு அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் சில எழுத்துக்களை வெட்டினாரே தவிர, அடித்தளத்தை அசைக்கவில்லை.

இந்தக் கரையின் தமிழ் அதே வந்தேறிகளிடம் சொல் வாங்கிய விதம் நேர்மாறானது. போர்த்துக்கேயரின் சப்பாத்து, அலுமாரி, மேசை. ஒல்லாந்தரின் கந்தோர், கக்கூசு. இவற்றின் மூல எழுத்து எப்படியிருந்தது என்று எவரும் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை நம் எழுத்தில் எழுதினார்கள், அவை வீட்டுச் சொல்லாயின. கந்தோர் ஒல்லாந்துச் சொல் என்று சொன்னால் வியப்படைவோரே அதிகம். காதால் வாங்கிய மொழிக்கு எழுத்துச் சிக்கல் இல்லை, ஆனால் சொல்லின் பிறப்பு மறந்துபோகும். கண்ணால் வாங்கிய மொழிக்குப் பிறப்பு நினைவிருக்கும், வாய் தடுமாறும். ஆனால் ஆங்கிலத்தோடு பழகியபின் நமக்கும் கண் பழக்கம் வந்துவிட்டது. இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகைப் பற்றிய செய்தி தமிழில் வரும்போது அதற்குக் கட்டமரான் என்று பெயர் போடுகிறார்கள். அச்சுக்கோப்பவருக்கு அது வெளிநாட்டுப் படகின் வெளிநாட்டுப் பெயர். அதே பக்கத்தின் கீழே, மீனவர் செய்தியில், கட்டுமரம் வேறு சொல்லாக நிற்கிறது.