இலக்கு யார் உடலில்?

நெருக்கடிநிலை பற்றிய ஆய்வுகளில் சிறைகளும் தணிக்கையும் முன்னால் நிற்கின்றன. நான் கருத்தடை முகாம்களிலிருந்து தொடங்குகிறேன். 1976-77இல் நாடெங்கும் ஏறத்தாழ 83 லட்சம் அறுவைகள். நான்கில் மூன்று ஆண்களுக்கு. 1977 தேர்தலில் வடமாநிலங்களில் இந்திரா காந்தி தோற்றதில் அந்தக் கோபத்துக்கும் பங்குண்டு. பிறகு அரசுகள் ஆண்களை நெருங்கத் தயங்கின. இலக்குகளோ 1996 வரை தொடர்ந்தன, பெண்களைக் குறிவைத்து.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3. வெம்பக்கோட்டையில் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களிடம் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றால், தங்கள் ஆப்பரேசனைத்தான் சொல்கிறார்கள். ஆண் செய்துகொள்ளலாம் என்பது அங்கே பேச்சிலேயே இல்லை. 21 மாத சர்வாதிகாரத்தின் கணக்கில் இந்த மௌனத்தையும் சேர்க்க வேண்டும்.