மதில் இல்லாத ஊர்

போன மாசம், சீனாவில படிக்கிற சிநேகிதி ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். லிஜியாங் பழைய நகரத்தில் ஒரு கடை. மரக் கதவு, ஓட்டுக் கூரை, வாசலில் சிவப்பு விளக்குகள். பெயர்ப்பலகையில் மூன்று விதமான எழுத்து. கீழே சீனமும் ஆங்கிலமும். மேலே சின்னச் சின்னச் சித்திரங்கள்: ஒரு மனிதன், ஒரு மலை, ஏதோ ஒரு மிருகத்தின் தலை. "இது நாஷி ஆக்களின்ர எழுத்தாம். எவ்வளவு பழசு, சொல்லு பாப்பம்?" என்று கேட்டிருந்தாள்.

நான் அங்கே போனதில்லை. வரலாற்றைப் பாடமாக எடுத்த பாவத்துக்கு, இப்படியான கேள்விகள் எனக்குத்தான் வரும். தேடி வாசித்தபிறகு நான் அனுப்பிய பதில் இதுதான்: எழுத்து பல நூற்றாண்டுப் பழசு, ஆனால் அந்தப் பலகையில் அது வந்து ஒரு முப்பது வருசம்கூட இராது.

டொங்பா என்பது அந்த எழுத்தின் பெயர். முதலில் அது பூசாரிகளின் பெயர். நாஷி மக்களின் சடங்குகளை நடத்தியவர்கள் டொங்பாக்கள். மரணச் சடங்கிலும் பேயோட்டும் சடங்கிலும் சொல்லவேண்டிய நீண்ட கதைகளை மறக்காமல் இருக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட சித்திரக் குறிகளால் ஏடுகளில் எழுதி வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் எழுதும் முறையில்லை. ஏற்கெனவே பாடம் தெரிந்தவனுக்கு அடுத்தது என்ன என்று எடுத்துக் கொடுக்கிற எழுத்து. சாதாரண நாஷிக் குடியானவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. கடைப்பலகையில் எழுதுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அந்தச் சடங்குகள் தடைசெய்யப்பட்டன, ஏடுகள் எரிக்கப்பட்டன. தப்பிய ஏடுகளில் கணிசமானவை, 1922 முதல் 1949 வரையான காலத்தின் பெரும்பகுதியை அந்தப் பக்கத்திலேயே கழித்த ஜோசப் ரொக் என்ற தாவரவியலாளர் வாங்கிச் சேர்த்தவை. இப்போது அவை அமெரிக்க, ஜேர்மன் நூலகங்களில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ இந்த ஏடுகளை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. ஏடு வெளிநாட்டில, எழுத்து ரீசேட்டில.

சரி, ஊருக்கு வருவோம். யுன்னான் மாகாணத்தின் வடமேற்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது லிஜியாங். வடக்கே 5,596 மீற்றர் உயரமான யூலொங் பனிமலை. தெற்கேயிருந்து தேயிலை ஏற்றிய கோவேறு கழுதைகள் திபெத்துக்குப் போகும் வழியில் தங்கிய சந்தை நகரம். தேயிலை போனது, குதிரை வந்தது.

ஊரைச் சுற்றி மதில் கிடையாது. சீனத்துப் பழைய நகரங்களில் இது அபூர்வம். காரணம் கேட்டால் வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். இந்த ஊரை ஆண்ட குடும்பத்தின் பெயர் மூ. சீனத்தில் அந்த எழுத்துக்கு மரம் என்று பொருள். மரத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டால் அது 'இக்கட்டு' என்ற எழுத்தாக மாறிவிடும். அதனால் மூ குடும்பம் மதில் கட்டவில்லையாம். நம்புவதும் விடுவதும் உங்கட விருப்பம். எனக்குக் கதையைவிட, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் முக்கியமாகப் பட்டது.

1381இல் மிங் பேரரசின் படை யுன்னானுக்குள் நுழைந்தது. அதுவரை அங்கே மங்கோலியரின் ஆட்சி. அடுத்த வருடமே லிஜியாங் தலைவர் போரிடாமல் பணிந்தார். பேரரசர் மகிழ்ந்து அவருக்கு ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார். பேரரசரின் சொந்தப் பெயர் ஜூ. அந்த எழுத்திலிருந்து இரண்டு கோடுகளைக் கழித்தால் மூ. உன்னை என் ஆளாக்கிவிட்டேன், ஆனால் என்னிலும் குறைந்தவன் என்பதை ஓர் எழுத்திலேயே சொல்லியாயிற்று! அந்தக் குடும்பம் 1253இல் குப்ளாய் கானின் படைக்கும் இப்படித்தான் பணிந்தது. பின்னர் சிங் வம்சத்துக்கும் பணிந்தது. இதைக் கோழைத்தனம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் வந்த படைகள் எல்லாம் போக, ஊரும் மொழியும் சடங்கும் மிஞ்சி நின்றன. 1639இல் அங்கே விருந்தாளியாகத் தங்கிய பயண எழுத்தாளர் ஷூ சியாகே, மூ மாளிகையின் ஆடம்பரம் ஓர் அரசனுக்கு நிகரானது என்று எழுதிவைத்தார்.

பணியாதவர்களுக்கும், பணியக்கூட வாய்ப்பில்லாதவர்களுக்கும் என்ன நடந்தது? அதே படையெடுப்பில், குன்மிங்குக்குத் தெற்கே குன்யாங் என்ற இடத்தில், மா என்ற முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். பத்து வயது மட்டில். ஆண்மை நீக்கி, ஓர் இளவரசரின் பணியாளாக அனுப்பினார்கள். அந்தச் சிறுவனைத் தளபதி செங் ஹ என்று எங்களுக்குத் தெரியும். கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிற காலி மும்மொழிக் கல்வெட்டு அவருடைய கப்பலில் வந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில் சீனம் புத்தரைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாஹ்வை. தமிழ், தெய்வேந்திரமுனையில் இருந்த தேனாவரை நாயினாரை. 1411இல் அழகக்கோனாரைச் சிறைபிடித்துப் போனதும் அதே செங் ஹதான் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. சிறையாகப் பிடிபட்ட மலைநாட்டுப் பையன், முப்பது வருசம் கழித்துக் கடல் கடந்து வந்து இன்னொருவரைச் சிறைபிடிக்கிறான். அந்தக் கல்லைப் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்தபோது இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மூ குடும்பத்தின் சாமர்த்தியமும் 1723இல் முடிந்தது. சிங் அரசு பரம்பரைத் தலைவர்களை நீக்கிவிட்டுத் தன் அதிகாரிகளை நியமித்தது. அவர்களோடு புதிய ஒழுக்கமும் வந்தது: உடலை எரிக்காதே, புதை. காதலித்தவரைக் கட்டாதே, பெற்றோர் சொன்னவரைக் கட்டு. அதன் பிறகான காலத்தில், பிரித்து வைக்கப்பட்ட காதலர்கள் யூலொங் மலைக்குப் போய் உயிரைவிட்ட துயரம் திரும்பத் திரும்ப நடந்தது. அவர்களுக்காகவே டொங்பாக்களிடம் ஒரு தனிச் சடங்கு இருந்தது. ரொக் அதைப் பதிவுசெய்திருக்கிறார். இன்று அந்தப் புல்வெளிக்குக் கேபிள் கார் போகிறது. 'காதலின் புனித இடம்' என்று விளம்பரம். இதுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

இப்போதுள்ள லிஜியாங்கை உருவாக்கியது 1996 பெப்ரவரி 3ஆம் திகதி வந்த பூமியதிர்ச்சி. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் மரச் சட்டகத்தில் கட்டிய பழைய வீடுகள் பலவற்றில் மண்சுவர் மட்டும் சரிந்தது, கூரை நின்றது. மீள்கட்டுமானத்தில் பழைய நகரத்துக்குள் இருந்த கொங்கிரீட் கட்டடங்களை அகற்றி, மர வீடுகள் கட்டினார்கள். அழிந்துபோயிருந்த மூ மாளிகையையும் உலக வங்கிக் கடனில் புதிதாக எழுப்பினார்கள். 1997 டிசம்பரில் ஊர் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பிறகென்ன, சனம் வந்தது. 2010 கணக்கெடுப்பில் சீனா முழுவதிலும் நாஷி மக்கள் சுமார் 3,26,000 பேர்தான். லிஜியாங்குக்கு வருசத்துக்கு வரும் பயணிகளோ கோடிக்கணக்கில்.

வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். கடைக்கு வாடகைக்குக் கொடுத்தால் வரும் பணத்தில், புதிய நகரத்தில் குளியலறையும் கார் நிறுத்த இடமும் உள்ள வீட்டில் வாழலாம். வெளியேறினார்கள். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. இரவு இரண்டு மணிவரை பார்களில் பாட்டுக் கேட்கிற தெருவில் எந்தக் கிழவி நித்திரை கொள்வாள்? பழைய நகரம் வெறும் கடைத்தெருவாகிறது என்ற கவலை யுனெஸ்கோவுக்கே வந்து, 2008இல் ஒரு குழுவை அனுப்பியது.

இதை எல்லாம் எழுதி அனுப்பியபிறகு, சிநேகிதி தான் தங்கியிருந்த விடுதிக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் வேறு மாகாணத்துக்காரர். வீட்டுச் சொந்தக்கார நாஷிக் குடும்பம் பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறதாம். மாதம் ஒருமுறை அந்த வீட்டு அம்மா வருவாராம், வாடகைக்கும், முற்றத்துச் செடியைப் பார்க்கவும்.

கூடவே இன்னொரு படமும் அனுப்பினாள். மூன்று தொட்டிக் கிணறு. ஊற்றுத் தண்ணீர் முதல் தொட்டியில் விழும், அது குடிக்க. வழிந்து இரண்டாவதுக்கு வரும், அது மரக்கறி கழுவ. மூன்றாவது உடுப்புத் தோய்க்க. இந்த ஒழுங்கை ஒருவரும் மீறக்கூடாது என்பது ஊர் வழக்கம். படத்தில் தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கைபேசியோடு நிற்கிறார்கள். மூன்றாவது தொட்டியில் மட்டும் ஒரு வயதான பெண், நீல மேலங்கியோடு, குனிந்து எதையோ அலசிக்கொண்டிருக்கிறார்.