விரிதாள் சூத்திரங்களுக்குப் பூட்டு வந்த வரலாறு

விரிதாளின் ஒரு கட்டத்தில் வெறும் எண் இருக்கலாம்; அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் சூத்திரமும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சூத்திரம் உள்ள கட்டத்தில் யாரேனும் ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் சூத்திரம் அழிந்து எண் தங்கிவிடும். அன்றைய மொத்தம் சரியாகவேகூட இருக்கலாம். அடுத்த மாதம் தரவு மாறும்போதுதான் அந்த எண் மட்டும் அசையாமல் நிற்கும். இதைத் தடுக்கும் முயற்சி விரிதாள் மென்பொருளின் தொடக்க காலத்திலேயே பிறந்தது.

டான் பிரிக்லினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. தாளை அமைப்பவரே அதைப் பயன்படுத்திய வரை ஆபத்து சிறிதாக இருந்தது. ஒருவர் அமைத்த தாளில் இன்னொருவர் எண்களை இடும் வழக்கம் அலுவலகங்களில் பரவியதும் பூட்டு தேவைப்பட்டது. 1982இல் வந்த மல்டிபிளானில் சூத்திரங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் பூட்டலாம். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 வேறு முறையைக் கையாண்டது. எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலேயே பூட்டுக்குறி பெற்றிருக்கும்; தாள் முழுவதற்குமான பாதுகாப்பை இயக்கினால்தான் அது செயல்படும். எக்செல்லிலும் இன்றுவரை இதே முறைதான். எண் இடவேண்டிய கட்டங்களின் பூட்டை முதலில் நீக்கிவிட்டு, பிறகே தாளுக்குப் பாதுகாப்பு இடவேண்டும்.

தரவுத்தளம் வேறு மரபில் வளர்ந்தது. எட்கர் காட் 1970இல் வகுத்த தொடர்புசார் மாதிரியிலிருந்து உருவான அமைப்புகளில், எதை யார் படிக்கலாம், எதை யார் மாற்றலாம் என்பதைத் தரவுத்தளமே காவல் காக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1992இல் வெளியிட்ட ஓ.டி.பி.சி. இணைப்பு முறை, இந்த இரண்டு உலகங்களுக்கும் பொதுவான பாலமானது. தரவுத்தளத்தின் வரிசைகள் நேரே விரிதாளுக்கு வந்து இறங்கின. ஆனால் அங்கிருந்த காவல் அவற்றோடு வரவில்லை.

புதிய சிக்கலும் எழுந்தது. தரவைப் புதுப்பிக்கும்போது வரிசைகள் கூடும், குறையும். பாதுகாப்பு இட்ட தாள் அதற்கு இடம் தராது. எக்செல் 5 உடன் 1993இல் வந்த வி.பி.ஏ. நிரல்மொழி ஒரு வழி தந்தது: அதில் எழுதிய மேக்ரோ நிரல், தாளின் பாதுகாப்பை நீக்கி, தரவைப் புதுப்பித்து, மீண்டும் பூட்டும். அது நடுவில் பிழையால் நின்றுபோனால் தாள் திறந்தே கிடக்கும். பயனரை மட்டும் தடுத்து மேக்ரோவுக்கு இடம்தரும் அமைப்பும் உண்டு. ஆனால் கோப்பை மூடியதும் அது நீங்கிவிடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மீண்டும் இடவேண்டும்.

தாளைப் பூட்டும் கடவுச்சொல்லும் நெடுங்காலம் பலவீனமாகவே இருந்தது. பழைய எக்செல் அதை 16 பிட் அளவுள்ள குறியீடாகச் சுருக்கிச் சேமித்ததால், வேறு பல சொற்களும் அதே பூட்டைத் திறந்தன. எக்செல் 2013இல்தான் எஸ்.எச்.ஏ.-512 என்ற வலுவான முறை வந்தது. இன்றும் தாள் பாதுகாப்பு ரகசியம் காப்பதற்கானது அல்ல என்றே மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. கைத்தவறுகளைத் தடுப்பதே அதன் வேலை.

விரிதாள் பிசகு எவ்வளவு பெரிய இடத்திலும் நேரலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012இல் ஜே.பி. மார்கன் வங்கிக்கு 600 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. அங்கு இடர் கணிக்கும் மாதிரி ஒன்று, ஒரு விரிதாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் தரவை நகலெடுத்து ஒட்டும் முறையில் இயங்கியதையும், கூட்டுத்தொகைக்கும் சராசரிக்கும் இடையே சூத்திரம் பிசகியதையும் வங்கியின் 2013 அறிக்கை பதிவுசெய்தது. இழப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் கையால் நிரப்பும் தாள்களை நம்பிப் பெரும் முடிவுகளை எடுப்பதன் ஆபத்து வெளிப்பட்டது.

நிலையான தீர்வு தாளின் அமைப்பில் கிடைத்தது. தரவுத்தளத்திலிருந்து வருவதற்கு ஒரு தாள், கணக்கீட்டுக்கு ஒரு தாள், பயனர் நிரப்புவதற்கு ஒரு தாள் என்று பிரித்தால், கணக்கீட்டுத் தாளை முழுவதும் பூட்டிவைக்கலாம், புதுப்பித்தலும் தடைபடாது. 2013இல் துணைநிரலாக வந்து எக்செல் 2016இல் உள்ளேயே இணைந்த பவர் குவெரி என்ற தரவுக் கருவி, கணக்கீட்டுப் படிகளைக் கட்டங்களுக்கு வெளியே வைக்கிறது. அதன் விடைகளின் மேல் யாரேனும் தவறுதலாக எதையாவது தட்டினாலும், அடுத்த புதுப்பித்தலில் சரியான மதிப்பு திரும்பிவிடும். இணைப்புக்குப் படிக்கும் உரிமை மட்டுமே உள்ள கணக்கைத் தந்தால் மூலத் தரவும் பாதுகாப்பாக இருக்கும். கட்டத்தின் பூட்டு இவற்றுக்குத் துணையாகலாம். இவற்றின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.