மூன்று வாசல், ஒரு விளக்கு, ஒரு கல்வெட்டு

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகியும் பழைய ஊருக்குள் நான் சரியாகப் போனதே இல்லை. மணிநகர் வீடு, கிளை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூக்கம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன மாசம் தங்கமணி தால்கர்வாட் கடைத்தெருவில் பாந்தனி துணி எடுக்கவேண்டும் என்று சொல்ல, ஒன்பதாவது படிக்கும் மகளும் சேர்ந்துகொள்ள, பை தூக்க நானும் கிளம்பினேன். :-)

லால் தர்வாஜா பஸ் நிலையத்தில் இறங்கி, பத்ரா கோட்டையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் எதிரில் நிற்கிறது தீன் தர்வாஜா. தீன் என்றால் மூன்று. ஒரே வரிசையில் மூன்று வளைவுகள். நடு வளைவு 17 அடி அகலம், பக்கத்து வளைவுகள் 13 அடி, உயரம் 25 அடி. கல்லில் நுணுக்கமான வேலைப்பாடு. அதைச் சுற்றி செருப்பு, வளையல், துணிமணி, பிளாஸ்டிக் சாமான் என்று ஒரே சந்தை. நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு கோட்டை வாசலைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி!

கொஞ்சம் வரலாறு. சுல்தான் முதலாம் அகமது ஷா 1411ல் இந்த நகரத்தை உண்டாக்கினார். சபர்மதிக் கரையில் பத்ரா கோட்டை. கோட்டைக்கு முன்னால் 'மைதான்-இ-ஷா' என்ற அரச மைதானம். அந்த மைதானத்துக்கு நுழைவாயிலாக 1415 வாக்கில் கட்டியதுதான் இது. ஊரைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பப்பட்டது பிற்பாடு, 1480களில், முகமது பேகடா காலத்தில். அதனால் அந்த மதிலின் வாசல்களை விட இது மூத்தது. 2017ல் அகமதாபாத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் நகரம்.

நான் சொல்ல வந்தது இரண்டு சின்ன விஷயங்களைப் பற்றி.

முதலாவது, வாசல் சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லக்ஷ்மிக்காக ஏற்றும் விளக்கு. தலைமுறை தலைமுறையாக அதை அணையாமல் பார்த்துக்கொள்வது ஒரு முஸ்லிம் குடும்பம்.

அதற்கு இந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். ஒருநாள் ராத்திரி மகாலக்ஷ்மி ஊரை விட்டுப் போவதற்காக வாசலுக்கு வந்தாளாம். காவலில் இருந்த கோத்வால் க்வாஜா சித்திக் அடையாளம் கண்டுகொண்டார். "சுல்தானிடம் அனுமதி கேட்டுவருகிறேன், நான் திரும்பும்வரை போகக்கூடாது" என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். (மேலிடத்து அனுமதி வாங்கிவருகிறேன், உட்காருங்கள் என்பது எங்கள் பேங்கிலும் தினம் நடப்பதுதான்!) ஆனால் கோத்வால் திரும்பவில்லை. சுல்தானிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டார். அவர் திரும்பாதவரை லக்ஷ்மி போகமுடியாதே! அதனால்தான் இந்த ஊரில் காசு தங்கியது என்பார்கள் குஜராத்திகள். கோத்வாலின் சமாதி பத்ரா பக்கத்திலேயே இருக்கிறது. பத்ரகாளி கோயிலும் அங்கேதான்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளக்கு எரிவது கண்ணெதிரே தெரிகிறது. எனக்கு அது போதும்.

இரண்டாவது விஷயத்தைக் கண்டுபிடித்தது மகள். வாசலில் தேவநாகரி எழுத்தில் ஒரு கல்வெட்டு. எழுத்துக் கூட்டிப் பார்த்தாள், முழுசாக விளங்கவில்லை. மறுநாள் கிளையில் ஒரு குஜராத்தி நண்பரிடம் கேட்டபோதுதான் விவரம் கிடைத்தது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் அகமதாபாத் மராட்டியர் கைக்குப் போனது. பேஷ்வாவும் கெய்க்வாடும் பங்கு போட்டு ஆண்டார்கள். அப்போது ஆளுநராக இருந்த சிம்னாஜி ரகுநாத், 1812 அக்டோபர் 10 தேதியிட்டு வைத்த ஆணை அது. அப்பன் சொத்தில் மகளுக்கு உரிய பங்கைத் தடையில்லாமல் கொடுக்கவேண்டும். மீறினால் இந்து மகாதேவனுக்குப் பதில் சொல்லவேண்டும், முஸ்லிம் அல்லாவுக்கும் ரசூலுக்கும் பதில் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். எல்லோரும் வந்துபோகிற வாசலாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன். மராட்டியர் கல்வெட்டு எனக்குப் புதிதல்ல. பெரிய கோயில் சுவரில் 1803ல் சரபோஜி வெட்டிவைத்த போன்ஸ்லே வம்ச வரலாற்றைப் பார்த்து வளர்ந்தவன். அது ராஜாக்கள் கதை. இது நம் வீட்டுக் கதை.

சட்டங்களை வரிசையாகப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று தமிழ்நாடு திருத்தியது 1989ல். நாடு முழுவதும் வந்தது 2005ல். அதை உச்ச நீதிமன்றம் ஐயமறத் தெளிவாக்கியது 2020ல். கல்வெட்டு 1812!

இறந்தவர் கணக்கை முடிக்க வாரிசுகள் வரும்போது, பணம் வேண்டாம் என்பவர்கள் 'லெட்டர் ஆஃப் டிஸ்கிளெய்மர்' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நான் பார்த்தவரை போடுவது பெரும்பாலும் அக்கா, தங்கைகள்தான். "அண்ணனே எடுத்துக்கட்டும் சார்." வற்புறுத்தல் இல்லையே என்று கேட்போம். இல்லை என்பார்கள். வேலை முடிந்தது.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அம்மா முன்னமே இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. சட்டப்படி அக்காவுக்கும் எனக்கும் சரிபாதி. அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனது நான்தான். திரும்பும்போது டிபன் வாங்கிக்கொடுத்தேன். அவ்வளவுதான் நான் அவளுக்குக் கொடுத்தது.

கல்வெட்டின் விவரத்தை வீட்டில் சொன்னதும் மகள் கேட்டாள். "அப்போ அத்தைக்குப் பாதி கொடுத்தியாப்பா?"

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பத்திரத்துல கையெழுத்துப் போட்டப்ப, உனக்கு வேணுமாக்கான்னு ஒரு வார்த்தை கேட்பேன்னு நெனச்சேன்டா" என்றாள்.

வீட்டுக்கு மதிப்புப் போடச் சொல்லியிருக்கிறேன். மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. தங்கமணியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று தவணையில் முடியும். முதல் தவணைக்கு அவள் நகைச்சீட்டுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

பெண் பிறந்தால் மகாலக்ஷ்மி வந்திருக்கிறாள் என்று நம் வீடுகளிலும்தான் சொல்கிறோம். அகமதாபாத் வந்தால் தீன் தர்வாஜா விளக்கை அவசியம் பாருங்கள். அப்படியே அந்தக் கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். கூட அக்கா, தங்கை இருந்தால் இன்னும் நல்லது.