கோணனகுண்டேயில் 36 மணி நேரம்

பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்ததில் (2025 ஆகஸ்ட்) எனக்கு ஒரு பெரிய லாபம். ஊரிலிருந்து வருகிறவர்களை ஓசூர் ரோடு டிராஃபிக்கில் வதைக்காமல் சுற்றிக் காட்ட முடிகிறது. போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். லால்பாக், விதான் சவுதா என்று நான் பட்டியல் போட, மனுஷர் கேட்டது இது: "ஏலே, அந்த சிவராசன் செத்த இடம் இங்கனதான இருக்கு?"

இங்கேதான். மஞ்சள் லைனில் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சை லைனுக்கு மாறினால் நாலாவது ஸ்டேஷன் கோணனகுண்டே கிராஸ். இன்று அபார்ட்மெண்ட்டும் கடையுமாக இருக்கிற அந்த இடம் 1991-ல் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம்.

நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் கதை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மாலையோடு நெருங்கிய தணுவைத் தடுத்தவர் சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா. ராஜீவே விடச் சொன்னதாக அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், முன்னாள் பிரதமரின் பேச்சை மீறிக் கையை நீட்டியபடியே நிற்க முடியுமா? முடிவெடுக்க அவருக்கு இருந்தது சில விநாடிகள். படுகாயத்தோடு அவர் பிழைத்தார். எஸ்.பி. முகமது இக்பால் உட்பட போலீஸார் பலர் செத்தார்கள்.

குண்டுவெடிப்பில் இறந்துபோன போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமரா தப்பித்தது. அதிலிருந்த படங்கள்தான் குர்தா பைஜாமாவில் நின்ற 'ஒற்றைக்கண்' சிவராசனைக் காட்டிக் கொடுத்தன. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு தேட, சிவராசனும் சுபாவும் ஜூன் கடைசியில் டேங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் வந்து சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 18 மாலை கோணனகுண்டே வீட்டைப் பற்றித் தகவல் கிடைத்தது. போலீஸும் தேசியப் பாதுகாப்புப் படை கமாண்டோக்களும் சுற்றி வளைத்தார்கள். உள்ளே ஏழு பேர்.

இங்கேதான் சிக்கல். ஆளை உயிரோடு பிடித்தாக வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் கழுத்தில் சயனைடு குப்பி. கடித்தால் உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முறிவு மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட், தயோசல்பேட் என்று நரம்பில் ஏற்றவேண்டும். அதையும் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஏற்றவேண்டும். அதாவது, மருந்து பலிக்க வேண்டுமானால் குப்பியைக் கடிக்கிற நேரத்தில் டாக்டர் பக்கத்து அறையில் நிற்கவேண்டும்!

ஆனாலும் அந்த மருந்துக்காகவும் மேலிடத்து ஆட்களுக்காகவும் காத்திருக்கும்படி டெல்லியிலிருந்து உத்தரவு. ராத்திரி போனது, மறுநாள் பகலும் போனது. 19-ஆம் தேதி மாலைக்குப் பிறகு இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு. அதற்குமேல் ஒளிவுமறைவு ஏது? 20-ஆம் தேதி விடிகாலை கமாண்டோக்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது ஏழு பிணங்கள். சிவராசன் நெற்றிப்பொட்டில் சுட்டுக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சயனைடு. அன்றைக்கு ராஜீவின் பிறந்தநாள் வேறு.

கமாண்டோக்களில் ஒருவரான மேஜர் ரவி பிறகு மலையாள சினிமா இயக்குநராகி, 2007-ல் 'மிஷன் 90 டேஸ்' என்று இதையே படமாக எடுத்தார். காத்திருந்ததில் கைநழுவிப் போன ஆதங்கம்தான் அந்தப் படம். எனக்கும் முதல் ராத்திரியே நுழைந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பேசவேண்டிய வாய் அந்த வீட்டோடு அடங்கிவிட்டது. வழக்கு மட்டும் நடந்தது. 1998-ல் 26 பேருக்கும் தூக்கு, 1999-ல் சுப்ரீம் கோர்ட் 19 பேரை விடுவித்தது, மிச்சம் ஏழு பேரும் 2022-ல் வெளியே வந்தார்கள். மேலே உத்தரவிட்டது யார் யார், எப்படி என்று சிவராசனைக் கேட்க வழியில்லாமலே போய்விட்டது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு 1991 கெட்ட வருஷம். டிசம்பரில் காவிரிக் கலவரம் வேறு.

கனகபுரா ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்று இதையெல்லாம் பெரியப்பாவிடம் கொட்டினேன். அந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. "உடனே உள்ள போயிருக்கணும், என்ன பெரியப்பா?" என்றேன்.

"நீ டீயைக் குடிலே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். பல வருஷத்துக்கு முன், தாமிரபரணிக் கரையோரம் ஒரு கிராமம். உள்பக்கம் தாழ் போட்ட வீட்டில் பெண்ணின் அலறல். இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார்களாம். இவர் கதவை உடைத்துவிட்டார். உத்தரவு இல்லாமல் போனதற்கு மெமோ.

"அந்தப் பொம்பளை?"

"பொழைச்சுக்கிட்டா. பேரன் பேத்தி எடுத்துட்டா."

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக ஒரு தழும்பு. சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

"ரெண்டாவது தடவையும் அதே மாதிரித்தான் உடைச்சேன். கதவுக்குப் பின்னாடி அருவாளோட நின்னான். எனக்கு இதோட போச்சு. கூட வந்த பய வீடு திரும்பல."

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் படியேறினோம். பொம்மசந்திரா வரும்வரை அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.