முதுசொமும் தேட்டமும்

மட்டக்களப்பு நாட்டிலே சொத்தைப் பங்கிடும்போது தீர்க்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இது முதுசொமா, தேட்டமா? முன்னோர் வைத்துச் சென்றது முதுசொம். தானே உழைத்து ஈட்டியது தேட்டம். பழைய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் தாய்வழியே சகோதரியின் மக்களுக்கு இறங்கும்; தேட்டம் வேறாக எண்ணப்படும். இம்முறைமையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876ஆம் ஆண்டில் நூலாக்கினார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின் அது வழக்கொழிந்தது.

செல்வத்தை இத்துணை நுணுக்கமாகப் பகுத்த நாடு வறுமையைப் பகுத்துப் பார்த்ததா? இல்லை. வறியவன் சோம்பேறி என்றனர். அல்லது தலையெழுத்து என்றனர். வறுமையிலும் முதுசொம் உண்டென்பதை எண்ணினோர் சிலரே.

வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. பரந்த நெல்வயல்கள் படுவான்கரையில் இருந்தன. பழைய ஆங்கிலப் பள்ளிகளோ நகரில் இருந்தன. 1814இல் தோன்றிய மெதடிஸ்த பள்ளியும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் பள்ளியும் புளியந்தீவைச் சார்ந்தவை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை வாவியைக் கடக்கப் 'பாதை' எனப்பட்ட மிதவையே துணை.

நிலம் போடியாருடையது. அதில் முல்லைக்காரரும் வயற்காரரும் உழைத்தனர். விதைப்புக் காலத்தில் முன்னதாக வாங்கிய நெல்லும் பணமும் களவெட்டியிலே கழிக்கப்படும். வெள்ளத்தில் வெள்ளாமை அழிந்தால் கடன் அடுத்த போகத்துக்குச் செல்லும். தந்தை கடனாளியாயின் மகனும் அவ்வயலிலேயே இறங்குவான். இதனை மகனுடைய தேட்டம் என்று எவ்வாறு சொல்வது?

குடித்துக் கெட்டவரும் உளர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அதே குடி போடியார் வீட்டிலே புகுந்தால் ஒரு வயல் கைமாறும்; கூலியாளின் குடிசையிலே புகுந்தால் அன்றே அடுப்பு அணையும். குற்றம் ஒன்று, தண்டம் இரண்டு. பறை கொட்டுதலும் துணி வெளுத்தலும் பிறப்பினாலே விதிக்கப்பட்ட குடும்பங்களுக்கோ தொழிலைத் தெரிந்து கொள்ளும் உரிமைதானும் இருந்ததில்லை.

முயற்சியின் பெருமைக்கு விபுலானந்த அடிகளைச் சான்று காட்டுவர். காரைதீவிலே 1892இல் மயில்வாகனமாகப் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். இவை யாவும் தேட்டமே. எனினும் தந்தையார் சாமித்தம்பி ஊர் விதானையார். இல்லத்திலே ஏடு இருந்தது, ஆசிரியரிடம் அனுப்பும் வசதியும் இருந்தது. அடிகள் இதனை அறியாதவர் அல்லர் என்பதற்கு அவர்தம் செயலே சான்று. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். பேராசிரியராய் இருந்த நாளில், திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரிக்குச் சென்று கற்பித்தார். உழைப்பின் அருமையை உபதேசிப்பதற்கு முன் பள்ளிக்கூடத்தை அவர்களிடம் கொண்டு சென்றது கவனிக்கத்தக்கது.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம், கோயிலிலும் பள்ளியிலும் கடையிலும் சாதி காரணமாக ஒருவரை விலக்குதலைக் குற்றமாக்கியது. பள்ளியின் கதவு திறந்தது, கட்டணமும் நீங்கியது. ஆயினும் கதிர் முற்றும் காலத்திலே வயற்காவலுக்குச் சென்ற பிள்ளையின் இடம் வகுப்பிலே வெறுமையாகவே கிடந்தது.