சம்பளம் இல்லாத தலைவர் பதவி... இந்த அமைப்பில் யாருக்குக் கிடைக்கும்?

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு அமைப்பில் வாலன்டியரா சேர்ந்தால் என்ன வேலை தருவாங்க? சாப்பாடு பரிமாறலாம், விழாவில் மைக் பிடிக்கலாம், போட்டோ எடுக்கலாம். அமெரிக்காவில் உள்ள 'இண்டிபெண்டன்ட் லிவிங் சென்டர்'களில் இன்னொரு வாலன்டியர் வேலையும் இருக்கு. அந்த அமைப்பையே வழிநடத்துவது! தலைவர், பொருளாளர் என்று பதவி உண்டு. சம்பளம் பொதுவாகக் கிடையாது.

ஆனால், அந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் தீவிரமான குறைபாடு உள்ளவர்கள்தான் உட்கார வேண்டும். மத்திய அரசின் நிதி வாங்கும் மையங்களுக்கு இது அந்த நாட்டுச் சட்டம் போட்ட நிபந்தனை. ஊழியர்களிலும் முடிவெடுக்கும் பொறுப்புகளிலும் மாற்றுத்திறனாளிகளே பெரும்பான்மையாக இருக்கணும்.

ஏன் இவ்வளவு கறார்? அதுக்கு எட் ராபர்ட்ஸ் கதை தெரியணும்.

14 வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே அசைவு கிட்டத்தட்ட இல்லை. மூச்சுவிட 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய இயந்திரம் வேணும். 1962-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரத்தை வைக்க ஹாஸ்டலில் வசதியில்லை என்று கேம்பஸ் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சில மாணவர்கள் அங்கே வந்து சேர, 'ரோலிங் குவாட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டமாகக் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வேகத்தில்தான் 1972-ல் பெர்க்லியில் முதல் மையம் பிறந்தது.

இதில் செம ட்விஸ்ட் ஒன்று. 'இவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை' என்று சொல்லி, ராபர்ட்ஸ் படிப்புக்கு உதவ முதலில் மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை. 1975-ல் அதே துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார் ராபர்ட்ஸ்!

ஒருவரால் என்ன முடியும் என்பதை வேறு யாரோ முடிவு பண்ணினால் என்ன ஆகும்னு இவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த பெரும்பான்மை விதி அங்கிருந்து வருவதுதான். 'இண்டிபெண்டன்ட்' என்றால் எல்லாத்தையும் தானே செய்துகொள்வது என்று அர்த்தமில்லை. குளிக்க, உடுத்த உதவியாளர் வரலாம். யார் வரணும், எத்தனை மணிக்கு வரணும் என்பதை நான் முடிவு செய்யணும். அவ்வளவுதான்.

1977 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதிகளில் கையெழுத்துப் போடச் சொல்லி, சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னணியில் நின்றவர் ஜூடித் ஹியூமன். அப்போது பெர்க்லி மையத்தின் துணை இயக்குநர் அவர். பிளாக் பாந்தர் கட்சியினர் சுடச்சுட சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெழுத்து விழுந்தது.

போராட்டம் சரி, மற்ற நாள்களில் போர்டுக்கு என்ன வேலை? கொஞ்சம் போரடிக்கும் வேலைதான். இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது, பட்ஜெட்டை அலசி ஒப்புதல் தருவது, வருமான வரித் துறைக்குப் போகும் ஆண்டுக் கணக்கைப் படித்துப் பார்ப்பது. தன் சொந்தக்காரர் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் போகுதுன்னா அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த ஓட்டெடுப்பிலிருந்து விலகணும். அன்றாட நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கவும் கூடாது, எல்லாத்துக்கும் தலையாட்டவும் கூடாது.

கூட்டம் நடத்துவதே தனி வேலை. சைகை மொழிபெயர்ப்பாளர் வேணும். பார்வையற்ற உறுப்பினருக்கு அஜெண்டாவை பிரெயிலிலோ ஸ்க்ரீன் ரீடரில் வாசிக்கும்படியோ முன்னாடியே அனுப்பணும். இதற்கான செலவை பட்ஜெட்டிலேயே ஒதுக்காத அமைப்பு, வாயால் மட்டும் உரிமை பேசுது என்பது என் கருத்து.

'சம்பளம் இல்லாத சேவை' என்பதும் எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. அங்கே எஸ்.எஸ்.ஐ. என்ற அரசு உதவித்தொகை வாங்கும் தனிநபர், சேமிப்பு போன்ற கணக்கில் வரும் சொத்தாக 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்க முடியாது. அவர் தன் கைக்காசில் வண்டி பிடித்து, உதவியாளருக்கும் கொடுத்து மீட்டிங்குக்கு வரணும்னா எப்படி? வண்டிச் செலவையும் உதவியாளர் செலவையும் மையம் திருப்பித் தந்தால்தான் வசதியில்லாதவரும் தலைவராக முடியும்.

குறைபாடு இல்லாதவர்களுக்கும் போர்டில் இடம் உண்டு, சிறுபான்மையாக. கணக்கு, சட்டம், நிதி திரட்டல் தெரிந்தவர்களுக்கு நல்ல வரவேற்பு. மற்றவர்களுக்காகப் பேசக் கிளம்பிடுவது மட்டும் இங்கே எடுபடாது.

நம்ம ஊரில்? மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. சமூகத்தோடு சேர்ந்து, தன் விருப்பப்படி வாழும் உரிமை அதன் 19-வது பிரிவில் இருக்கு. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்குது. ஆனால், இங்கே ஒரு தொண்டு நிறுவனம் நடத்த, நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் பெரும்பான்மையாக இருக்கணும் என்ற நிபந்தனை இல்லை. சட்டம் கேட்காமலேயே வழிகாட்டியவர்கள் உண்டு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் 'அமர் சேவா சங்கம்' தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இங்கே ஒரு அமைப்பில் சேர நினைக்கிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடலாம்: நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள்? செக்கில் கையெழுத்துப் போடுவது யார்? குழு கூடும் அறை கீழ்த்தளத்தில் இருக்கா, லிஃப்ட் இல்லாத மாடியிலா?